முதல் வரியோடு மூடியது

பீல் நகரத்துப் பழம்பொருள் கடையில்
நாற்பத்தைந்து பிராங்குக்கு வாங்கிய லாப்டொப்.
மூடியில் ஒரு கீறல், வயரில் கறுப்பு டேப்.
"வேலை செய்யும்" என்று மட்டும் சீட்டு ஒட்டியிருந்தார்கள்.
செய்தது.
பூட்டே இல்லாமல் திறந்துகொண்டது
திருமதி ஊர்சுலா ஏகர்ட்டரின் வீடு.

வரி. காப்புறுதி. இடுப்பு. நீரோ.
நீரோ ஒரு நாய்.
திறந்து பார்க்கவில்லை என்று எழுதலாம்,
யார் கண்டது.
பார்த்தேன்.
இடுப்பு எக்ஸ்ரேயில் மூன்று ஆணிகள்.
மகனுக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதம் ஒன்று,
முதல் வரியோடு மூடிவிட்டேன்.
"முக்கியம்" என்ற கோப்பில்
வங்கி, தபால், ரயில், மருந்துக்கடை
எல்லாவற்றுக்கும் ஒரே சாவி:
நாயின் பெயர், நாய் பிறந்த ஆண்டு.

நளாயினி எட்டிப் பார்த்தாள்.
நெற்றியில் இருந்த ஒட்டுப்பொட்டை உரித்து
திரைக்கு மேலிருந்த கமெராவில் ஒட்டினாள்.
"இனி அது நெத்தி. கண் இல்லை."

தயாபரன் போனில் சிரித்தான்.
"அழிச்சால் போதாது அண்ணை.
பேரைத்தான் அழிப்பீங்கள், ஆள் உள்ளுக்கை இருக்கும்.
மேலாலை எழுதோணும்.
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்,
தட்டு நிறையுமட்டும்."

இரவு பதினொன்றுக்குத் தொடங்கினேன்.
ஒரு சதவீதம்.
நான்கு.
தேநீர் ஆறியது.
பதினொன்றில் நீரோவின் வால் போயிருக்கலாம்.
பத்தொன்பதில்
என்னுடைய பழையது ஞாபகம் வந்தது.

ஓல்டன் நிலையம், ஆறாம் மேடை,
மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு மார்கழி.
அறுபது பிராங்க்.
வாங்கியவன் பச்சைத் தொப்பி போட்டிருந்தான்,
ரயில் வந்துவிட்டது, முகம் நிற்கவில்லை.

அதற்குள்ளே இருபத்தேழு பக்கம்.
என் அகதி விசாரணைப் பதிவு,
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து.
யாருடைய கோழிக்கூட்டுக்குப் பின்னால்
இரண்டு கிழமை படுத்துக் கிடந்தேன்,
வள்ளக் காசு யார் தந்தது,
தம்பி எந்த ஊரில், எந்தப் பெயரில்.

"இந்த அறையைத் தாண்டாது" என்றார் அதிகாரி.
மொழிபெயர்த்த பெண் அதை இரண்டு தடவை சொன்னாள்.
அவர்கள் காத்தார்கள்.
நான்தான்
வழக்கறிஞர் தந்த பிரதியை நூலகத்தில் ஸ்கேன் செய்து,
பிறந்த தேதியைப் பூட்டென்று தொங்கவிட்டு,
பிறகு ஒருநாள் குப்பைத்தொட்டிப் படத்துக்குள் இழுத்துப் போட்டு,
துடைத்த கையோடு ரயிலேறினேன்.

அடித்தவர்களுக்குச் சொல்லாத பெயர்கள்.
அறுபது பிராங்க்.

நாற்பத்தாறு சதவீதத்தில் தம்பிக்கு எடுத்தேன்.
அங்கே விடிந்திருந்தது.
"என்னண்ணா இந்த நேரம்?"
"ஒண்டுமில்லை. ஆரும் வந்தவங்களே?"
"ஆர்?"
"இல்லை, சும்மா."
சந்தைக்குப் போகிறானாம். கத்தரிக்காய் விலையாம்.
விலையைச் சொல்ல விட்டு
மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தேமுக்காலுக்கு நூறு.
மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு
ஆறு பத்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.
வெறுமையான பெட்டி புதிய சாவி கேட்டது.
கேட்டவுடன் விரல் பிறந்த தேதிக்குப் போனது,
பழகிய மாடு போல.
இழுத்துப் பிடித்தேன்.
நடுவில் ழகரம் வரும் ஒரு சொல்,
அதை ஆங்கில எழுத்தில்
நான் எப்படிப் பிழையாக எழுதுவேன் என்பது
நளாயினிக்கும் தெரியாது.

ஊர்சுலா, உன் மகனுக்கு
வேறொரு பிரதி இருக்கும் என்று நம்புகிறேன்.
இல்லையென்றால் மன்னித்துக்கொள்,
முதல் வரி மட்டும் என்னிடம் இருக்கிறது.
சொல்ல மாட்டேன்.

பச்சைத் தொப்பிக்காரா,
நீயும் திறந்திருப்பாய்.
தமிழில் இல்லை, ஜெர்மன்தான், விளங்கியிருக்கும்.
எத்தனையாம் பக்கத்தில் மூடினாய்?